திறந்த வரைபடமும் மூடிய பட்டறையும்

1974 ஆம் ஆண்டில் இத்தாலிய வடிவமைப்பாளரான என்ஸோ மாரி, மிலான் நகரிலுள்ள கலேரியா மிலானோ என்னும் கலைக்கூடத்தில் பத்தொன்பது தளபாடங்களைக் காட்சிக்கு வைத்தார். கதிரை, மேசை, கட்டில், வாங்கு, அலுமாரி என அமைந்த அவை யாவும் சாதாரண பைன் பலகைகளை அளவுக்கு அறுத்து ஆணி அடித்துச் செய்யத்தக்கவை. தபாற் செலவை அனுப்பிய எவருக்கும் அவற்றின் வரைபடங்கள் இலவசமாக அனுப்பப்பட்டன. தொழிற்சாலைகளும் வணிகரும் தவிர்ந்த யாவரும் அவற்றைச் செய்துகொள்ளலாம் என்பதே நிபந்தனை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2013 இல், யொனி ஸ்டெய்னர், நிக் இயரோடியாகொனு முதலியோர் இலண்டனில் ஓப்பன்டெஸ்க் என்னும் முயற்சியைத் தொடங்கினர். ஒட்டுப்பலகையை எண்முறைக் கட்டுப்பாட்டு ரவுட்டர் கொண்டு வெட்டி, ஆணியின்றிப் பொருத்தத்தக்க தளபாடங்களின் கணினிக் கோப்புகளை அது உலகெங்கும் வழங்கிற்று. பிந்தியது முந்தியதன் இயல்பான தொடர்ச்சியே எனக் கூறுவது வடிவமைப்புத் துறையில் எழுதுவோரிடையே வழக்காகியுள்ளது. வரைபடம் இருவராலும் திறந்துவிடப்பட்டது என்ற அளவில் இக்கூற்று உண்மையே. ஆயின், வரைபடத்தைப் பெற்றவன் அதனைக்கொண்டு என்ன செய்கிறான், செய்கையில் எதனை அறிகிறான் என்று நோக்குமிடத்து இவ்விரண்டும் ஒரு மரபைச் சார்ந்தவைதாமா என்ற ஐயம் எழுகின்றது.

ஆய்வுக்குரிய தொழின்முறையை முதலில் சுருங்கக் கூறுதல் வேண்டும். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகைத் தகடு ஒரு மேடையின்மீது அசையாது பிணிக்கப்படுகின்றது. அதன் மேலே, நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் வெட்டலகு ஒன்று நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று திசைகளிலும் கணினியின் ஆணைப்படி நகருகின்றது. கதிரையின் பக்கங்கள், இருக்கை, முதுகுப்பலகை ஆகியன துணி வெட்டுபவன் தகைமையோடு ஒரே தகட்டில் நெருக்கமாக அடுக்கி வரையப்பட்டிருக்கும். வெட்டி முடிந்ததும் துளைக்குள் கழுந்தைச் செலுத்தி, மரச்சுத்தியலால் தட்டிப் பொருத்தினால் தளபாடம் நிமிர்ந்து நிற்கும். பிரித்தால் மீண்டும் தட்டையாகிவிடும்.

தட்டையாக அனுப்பிச் சென்றடைந்த இடத்திற் பொருத்துதல் புதியதொன்றன்று. மிக்கேல் தோனெற்றின் 14 ஆம் இலக்கக் கதிரை 1859 இலேயே அவ்வாறு விற்பனைக்கு வந்தது. நீராவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு சுரைகள் ஆகியவற்றாலான அக்கதிரைகளில் முப்பத்தாறினைக் கழற்றி ஒரு கனமீற்றர் பெட்டிக்குள் அடக்க முடிந்தது. எனினும், தோனெற் அனுப்பியது பொருள், வரைபடத்தை அனுப்பவில்லை. மரத்தை வளைக்கும் முறைக்கு அவர் பெற்றிருந்த காப்புரிமை 1869 இற் காலாவதியானதும் ஏனைய உற்பத்தியாளர் அதே கதிரையைச் செய்யத் தலைப்பட்டனர். வரைபடத்தையே அனுப்பி, பொருளை அவ்வவ்விடத்தில் ஆக்கச் செய்தல் என்பதே ஓப்பன்டெஸ்க் குழுவினர் கொண்ட புதுமை. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அலுவலகங்களைக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு மேசை வடிவமைக்க நேர்ந்தபோது, கப்பலில் மேசையை ஏற்றுவதினும் கோப்பினை அனுப்பி அங்குள்ள பட்டறையில் வெட்டுவிப்பது எளிது என்ற எண்ணம் தோன்றியது. இவ்வெண்ணம் அழகானது. போக்குவரத்துச் செலவும் பொதிகட்டும் வீணும் இதனாற் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை.

இருப்பினும், தொழிற்கருவிகள் எவையும் சூனியத்திற் பிறப்பதில்லை. எண்முறைக் கட்டுப்பாட்டு இயந்திரத்தின் பிறப்பு வரலாறு இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்ரர் சுழலிகளுக்கான அச்சுத் தகடுகளைச் செய்துகொண்டிருந்த ஜோன் பார்சன்ஸ் என்பவரின் சிந்தனையில் முளைத்த இம்முறை, அந்நாட்டு விமானப் படையின் நிதியுடன் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வளர்க்கப்பட்டு, 1952 இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. துளையிட்ட நாடாவிலிருந்த எண்கள் இயந்திரத்தை நடத்தின. வரலாற்றாசிரியரான டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட உற்பத்திச் சக்திகள் பற்றிய நூலில் இன்னொரு செய்தியை எடுத்துக்காட்டுகிறார். அதே காலத்தில் வேறொரு முறையும் வழக்கிலிருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருமுறை தன் கையால் இயந்திரத்தை இயக்குவான். அவனது அசைவுகள் நாடாவிற் பதிவாகும். பின்னர் இயந்திரம் அவ்வசைவுகளைத் திரும்பச் செய்யும். இம்முறையில் அறிவின் ஊற்று பட்டறையிலேயே இருந்தது. எண்முறையிலோ அது பட்டறையை விட்டு அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. முதலாவது முறை கைவிடப்பட்டமைக்குத் தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமன்றி, வேலையின் மீதான ஆதிக்கத்தைத் தன்வசப்படுத்த விரும்பிய நிர்வாகத்தின் நோக்கமும் காரணமாயிற்று என்பது நோபிளின் முடிபு. அம்முடிபை முழுமையாக ஏற்கத் தயங்குவோரும், எண்முறை இயந்திரம் தொழிலாளியின் கையறிவை வேறிடத்துக்கு மாற்றிற்று என்பதில் ஐயுறுவதற்கு இடமில்லை.

மாரியின் வரைபடம் இதற்கு நேர்மாறான திசையிற் செல்வது. பொதுவுடைமைக் கொள்கையில் ஊன்றிய அவர், மலிவான கதிரையை மக்களுக்கு வழங்குவதைத் தமது முதல் நோக்கமாகக் கொள்ளவில்லை. பலகையை அறுத்து ஆணி அடிப்பவன், ஒரு சட்டம் ஏன் சாய்வாக வைக்கப்பட்டது, அதனை அகற்றினால் மேசை ஏன் ஆடும் என்பதைத் தன் கையால் உணர்தல் வேண்டும். உணர்ந்தவன் கடையில் விற்கப்படும் பொருளின் போலியழகை இனங்காண்பான் என்று அவர் நம்பினார். இதனாலேயே அவரது தளபாடங்கள் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டன. பலகை மூன்று மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் கதிரை விழுவதில்லை. ஆணி கோணலாக இறங்கினால் பக்கத்தில் இன்னொன்று அடிக்கலாம். அக்கதிரையில் நெடுநேரம் அமர்ந்திருப்பது இன்பமான அனுபவமன்று என்பதையும் கூறத்தான் வேண்டும். மாரியின் எதிர்பார்ப்பும் முற்றாக நிறைவேறவில்லை. வரைபடங்களைக் கேட்டெழுதியோருட் பலர் தம் கிராமத்து ஓய்வில்லத்துக்கு நாட்டுப்புறப் பாங்கான தளபாடம் கிடைத்ததென மகிழ்ந்தனரேயன்றி, அவர் கருதிய கல்வியைப் பெற்றாரல்லர். அவரும் இதனை வெளிப்படையாகவே கூறி வருந்தினார். அந்நூல் 2002 இல் மறுபதிப்பானபோது தலைப்பின் ஈற்றில் ஒரு வினாக்குறி சேர்க்கப்பட்டிருந்தது.

இனி, ரவுட்டர் வெட்டும் தளபாடம் பிழையைப் பொறுப்பதில்லை. அதன் உயிர்நிலை துளையும் கழுந்தும் சந்திக்கும் இடத்திலுள்ளது. கழுந்தின் தடிப்பு என்பது ஒட்டுப்பலகையின் தடிப்பேயாகும். துளையின் அகலமோ கோப்பில் எழுதப்பட்ட எண். பதினெட்டு மில்லிமீற்றர் எனப் பெயர்பெற்று விற்கப்படும் தகடு உண்மையிற் பதினெட்டாக இருப்பது அரிது. பதினேழரையாகவும் இருக்கும், பதினெட்டேகாலாகவும் இருக்கும். அமெரிக்கச் சந்தையில் முக்கால் அங்குலம் எனப்படும் தகடுகளுட் பல, ஓரங்குலத்தின் முப்பத்திரண்டில் இருபத்துமூன்று பங்கே தடித்தவை. ஒரே தகட்டின் நடுவுக்கும் ஓரத்துக்குமிடையில் வேறுபாடு காணப்படுவதுமுண்டு. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிய தகடு சற்றே பருக்கும். துளைக்கும் கழுந்துக்குமிடையே விடத்தக்க இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று, பத்திலிரண்டு என்ற அளவினது. அதனினும் குறைந்தால் கழுந்து நுழையாது. வலிந்து செலுத்தினால் ஒட்டுப்படைகள் பிளக்கும். கூடினால் கதிரை ஆடும். இலண்டனில் வரைந்த கோப்பினை மாற்றமேதுமின்றி வேறொரு கண்டத்தில் வெட்டலாம் என்ற வாக்குறுதி இங்கே இடறி விழுகின்றது.

இவ்விடறலைக் குறையென்று கருதுவோர் பலர். உண்மையில் இத்தளபாடக் கலையில் விமர்சகன் கூர்ந்து நோக்கவேண்டிய இடமும் இதுவேயாகும். அனுபவமுள்ள பட்டறையாளன் முழுக் கதிரையை வெட்டத் துணிவதற்கு முன்னர், அதே தகட்டின் ஓரத்திலிருந்து சிறு துண்டொன்றை வெட்டி எடுக்கிறான். அதில் பதினெட்டு, பதினெட்டு தசம் ஒன்று, பதினெட்டு தசம் இரண்டு என்றவாறு சிறிது சிறிதாகக் கூடிச்செல்லும் துளைகள் இருக்கும். இன்னொரு துண்டை ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்க்கிறான். கையின் அழுத்தத்துக்கு இணங்கி, ஆயினும் தானே கழன்று விழாது நிற்கும் துளையைத் தெரிந்து, அவ்வெண்ணைக் கோப்பில் எழுதுகிறான். வெட்டலகு எப்பக்கம் சுழிந்து மரநாரை இழுக்கின்றது, எந்த வேகத்தில் ஓரம் கிழியாது வெட்டுகின்றது, பிசின் படைகளை அறுத்தறுத்து மழுங்கிய அலகு எழுப்பும் ஓசை எப்படி மாறுகின்றது என்பனவும் அவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மேல்நோக்கிச் சுழியும் அலகு தகட்டின் மேற்றோலைக் கிளப்பிவிடும். கீழ்நோக்கிச் சுழிவது அடித்தோலைப் பிய்க்கும். இரு சுழிவுகளையும் ஒன்றிணைத்த அலகு இரு முகங்களையும் காக்கும். இவையெவையும் இலவசமாக வழங்கப்படும் வெட்டுக்கோப்பில் எழுதப்படுவனவல்ல. அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்ததாகச் சொல்லப்பட்ட அறிவின் ஒரு கூறு, மரத்தின் இயல்பு காரணமாக மீண்டும் பட்டறைக்கே திரும்பி வருகின்றது எனலாம்.

மூலைகளைப் பற்றியும் இங்கு ஒரு சொல். சுழலும் அலகு வட்டமானது. ஆகவே அது துளையின் உள்மூலையைச் சதுரமாக வெட்டமாட்டாது. ஆறு மில்லிமீற்றர் விட்டமுடைய அலகு ஒவ்வொரு உள்மூலையிலும் மூன்று மில்லிமீற்றர் ஆரையுடைய வளைவை விட்டுச்செல்லும். சதுரக் கழுந்து அதனுள் அமராது. தச்சன் ஆயின் உளியால் இரு தட்டுத் தட்டி மூலையைச் சீர்செய்துவிடுவான். உளியெடுக்கும் கையை நம்பாத வடிவமைப்பாளர் மூலையைச் சற்றுக் கடந்து வெட்டி, சிறு வட்டக் குழியொன்றை விட்டுவிடுகின்றனர். நாயெலும்பின் முனைபோலத் தோன்றுவதால் ஆங்கிலத்தில் அதற்கு அப்பெயரே வழங்கலாயிற்று. இக்குழிகளை மறைக்க முயன்ற வடிவமைப்புகளிலும், அவற்றை ஒளிக்காது முகத்திலேயே காட்டிய வடிவமைப்புகளே மேலானவை. ஒட்டுப்பலகையின் ஓரத்தில் அடுக்கடுக்காகத் தோன்றும் படைக்கோடுகளுக்கும் இது பொருந்தும். கருவி விட்ட சுவட்டைப் பொருளின் அணியாக ஏற்பது நேர்மையான அழகியல். ஆயின் அந்நேர்மை நாளடைவில் ஒரு பாணியாக உறைந்து, உளியால் எளிதிற் சீர்செய்யத்தக்க இடத்திலும் வட்டக்குழி வெட்டும் நிலை தோன்றியிருப்பது வரவேற்கத்தக்கதன்று.

இப்பின்னணியில், அமெரிக்கக் கட்டடக்கலைஞரான ஆன் பில்சன், கரி றோர்பாக்கர் ஆகியோரின் பணி தனித்து நோக்கத்தக்கது. அட்பாப் என்ற பெயரில் அவர்கள் வடிவமைத்த தளபாடங்களின் செய்முறைகளைத் தொகுத்து, அன்னா கசியூனஸ் பிரான்ஸ் என்பவருடன் சேர்ந்து 2017 இல் வெளியிட்ட நூல், இத்துறையில் வந்தவற்றுட் பயன்மிக்கது. மேற்கூறிய தடிப்புச் சிக்கலை அவர்கள் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடவில்லை. தகட்டைக் கருவிகொண்டு அளத்தல், சோதனைத்துண்டு வெட்டுதல், அளவுகளைத் திருத்துதல் என்பன அந்நூலிற் கதிரைக்கு நிகரான இடத்தைப் பெறுகின்றன. அளவுகள் ஒன்றோடொன்று கட்டுண்ட உறவுகளாக வரையப்படுவதால், தடிப்பு என்னும் ஒரு எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த துளைகளும் கழுந்துகளும் தாமே மாறும். உயரத்தையும் அகலத்தையும் தம் தேவைக்கேற்ப மாற்றவும் இயலும். வாசகன் கட்டளையை நிறைவேற்றுபவன் என்ற நிலையிலிருந்து உயர்ந்து, வடிவின் தருக்கத்தை அறிபவனாகிறான். மாரி ஆணியினாலும் பலகையினாலும் எய்த முனைந்த நோக்கம் இங்கு ஓரளவு கைகூடுகின்றது. நூலின் குறை பிறிதொன்று. கணினியும், அதற்குரிய செயலியும், ஒரு சிற்றறையை நிறைக்கும் இயந்திரமும் வாசகனுக்கு எட்டும் தூரத்தில் உண்டு என்ற எண்ணம் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அமைதியாகக் குடிகொண்டிருக்கின்றது. வாளும் சுத்தியலும் போதும் என்ற மாரியின் உலகுக்கும் இதற்குமிடையேயுள்ள தூரம் சிறிதன்று.

ஓப்பன்டெஸ்க் முயற்சியின் முரண்பாடும் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. வரைபடங்கள் பலவும் தனிப்பட்ட பயனுக்கு இலவசமாகவும் வணிகப் பயனுக்குக் கட்டுப்பாட்டுடனும் வழங்கப்பட்டன. தொழிற்சாலைகளையும் வணிகரையும் விலக்கிய மாரியின் நிபந்தனையை இது நினைவூட்டும். ஆயினும் சொந்தத்தில் ரவுட்டர் வைத்திருக்கும் தனிமனிதர் எத்துணைபேர்? இலவச உரிமை பெற்றவனிடம் இயந்திரமில்லை. இயந்திரம் உடையவனோ வணிகப் பட்டறைக்காரன். ஆதலின் பெரும்பாலோர் பட்டறையொன்றுக்குக் காசு கொடுத்தே மேசையைப் பெற வேண்டியிருந்தது. கைத்தொழிற் பட்டறையில் ஒவ்வொன்றாக வெட்டப்படும் அம்மேசை, இலட்சக்கணக்கில் உற்பத்தியாகும் இக்கியா மேசையோடு விலையிற் போட்டியிட முடியாது. எனவே அந்நிறுவனம் நாளடைவில் அலுவலகத் தளபாடங்களின்பாலே கவனத்தைத் திருப்பிற்று. உற்பத்திச் சாதனம் யாருடையது என்ற வினாவை விடுத்து வரைபடத்தை மட்டும் பொதுவுடைமையாக்கினால் விளைவு இவ்வாறுதான் அமையும். மக்களுக்கெனத் தொடங்கிய வில்லியம் மொறிஸின் கைவினைப் பொருள்கள் செல்வரின் மாளிகைகளைச் சென்றடைந்தமை இதற்கு முந்திய எடுத்துக்காட்டு.

ஆனால், வரைபடத்தின் விதியை வரைந்தவன் முழுதாகத் தீர்மானிப்பதில்லை என்பதையும் வரலாறு காட்டுகின்றது. மாரியின் முதலாவது கதிரையை 2010 இல் பின்லாந்தின் ஆர்ற்றெக் நிறுவனம் அவரது இசைவுடன், அறுத்த பலகைகளும் ஆணிகளும் கொண்ட பொதியாக விற்பனைக்கு விட்டது. வணிகரை விலக்கிய கதிரை வணிகப் பெட்டிக்குள் அடங்கிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, மேற்கு ஆபிரிக்காவிலிருந்து மத்தியதரைக்கடலைக் கடந்து வந்த இளம் அகதிகள் பேர்லின் நகரில் குக்குலா என்னும் பட்டறையில் அதே வரைபடங்களைக்கொண்டு தளபாடங்கள் செய்யலாயினர். லம்பெடூசாத் தீவுக்கு வந்து சிதைந்த படகுகளின் பலகைத் துண்டுகளும் சில கதிரைகளிற் சேர்க்கப்பட்டன. இதற்கும் மாரி இசைவளித்தார். ஒரே வரைபடம், ஓரிடத்தில் அலங்காரப் பண்டம், ஓரிடத்தில் தொழில் கற்கும் வழி. ரவுட்டர்த் தளபாடத்துக்கு இத்தகைய பேறு கிட்டுமா என்பது அதன் கோப்பினைப் பொறுத்ததன்று. பல்கலைக்கழகங்களிலும் நகரங்களிலும் உருவாகிய பொதுப் பட்டறைகளில், எவரும் வந்து இயந்திரத்தின் முன் நின்று, தகட்டை அளந்து, பிழைவிட்டுக் கற்க முடிகின்ற இடங்களில் மாத்திரமே அதற்கு வாய்ப்புண்டு. அத்தகைய இடமற்ற ஊரில் இலவசக் கோப்பு என்பது எழுத்தறியாதவன் கையிற் கொடுத்த நூல் போன்றது.

இயந்திரம் வந்ததும் கைவினை மாண்டது எனக் கண்ணீர் வடிப்போரின் கூற்று இவ்விடத்தில் உடன்பாடானதன்று. அரத்தையும் இழைப்புளியையும் போற்றிப் பாடுவதால் ஒரு தச்சனின் வயிறு நிறைவதில்லை. நாள் முழுதும் ஒரே துளையை நாற்பது தடவை பொளிந்தவன் அவ்வேலையை இயந்திரத்திடம் மகிழ்ந்தே ஒப்படைப்பான். வினா வேறிடத்திலுள்ளது. துளையின் அகலத்தைத் தீர்மானிக்கும் உரிமை எவனுக்கு? வெட்டுபவனுக்கு அதனை மாற்ற அனுமதியும் அறிவும் வழங்கும் வரைபடம் ஒருவகை. இறுகப் பூட்டிய எண்களை அவன் இயந்திரத்துக்குள் ஊட்டிவிட்டுக் கைகட்டி நிற்கச் செய்யும் வரைபடம் இன்னொருவகை. இரண்டும் இலவசமாகவே கிடைக்கலாம். இரண்டுக்கும் திறந்தது என்ற பெயரே வழங்கலாம்.

எல்லைகளற்றுப் பறக்கும் வரைபடத்தின் கீழே மரம் என்னும் பொருள் எல்லைகளுக்குட்பட்டே கிடக்கின்றது என்பதை அண்மைய நிகழ்ச்சியொன்று உணர்த்தியது. இவ்வகைத் தளபாடங்களுக்கு ஐரோப்பிய வடிவமைப்பாளர் பெரிதும் விரும்பிய பேர்ச் ஒட்டுப்பலகையின் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரேன் போரையடுத்து 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரத்தின் இறக்குமதியைத் தடைசெய்தது. முன்னரே செய்த ஒப்பந்தங்களுக்கு அளிக்கப்பட்ட தவணையும் அவ்வாண்டு ஜூலையில் முடிவுற்றது. பதினெட்டு மில்லிமீற்றருக்குள் பதின்மூன்று மெல்லிய படைகளை அடக்கிய பேர்ச்சின் இடத்தில், படை குறைந்த, மென்மையான பொப்லர்த் தகட்டை மேடையிலேற்றும் பட்டறையில், ஓரம் வேறுவிதமாகக் கிழியும். கழுந்து வேறுவிதமாக நசியும். பழைய கோப்பின் எண்கள் பொருந்தமாட்டா. அங்கே முதலில் வெட்டப்பட வேண்டியது தகட்டின் ஓரத்திலிருந்து எடுக்கும் அச்சிறு சோதனைத்துண்டே.